வேனுக்கு ஸ்டியரிங் லாக்: வாங்கும் முன் அளவெடுங்கள்

சிங்கப்பூரில் வேன் திருட்டு தினமும் காதில் விழுகிற சங்கதி இல்லை. அதனால்தான் சாமான் இறக்கும்போது இன்ஜினை ஓடவிட்டு, சாவியை அதிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிற பழக்கம் இங்கே இவ்வளவு சாதாரணமாகிவிட்டது. ஆனால் ஒரு முறை போனால் போவது வேன் மட்டுமில்லை. சி பிரிவு சிஓஇ-யில் (சரக்கு வண்டிக்கான வாகன உரிமைச் சான்றிதழில்) மிச்சமிருக்கிற வருடங்கள், உள்ளே இருந்த சாமான், மறுநாள் காலை போகவேண்டிய ஆர்டர்கள் எல்லாம் சேர்ந்து போகும். மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் மட்டும் எடுத்தவருக்குத் திருட்டுக்கு ஒரு காசும் வராது. வாகனத் திருட்டுக்குக் குற்றவியல் சட்டத்தின் 379ஏ பிரிவில் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. திருடனுக்குத் தண்டனை கிடைத்தாலும் வண்டி முழுசாகத் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

ஸ்டியரிங் லாக், அதாவது ஸ்டியரிங் வளையத்தில் தனியாக மாட்டுகிற பூட்டு, வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அடுத்து எடையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். கடையில் தொங்குகிற லாக்குகளில் பாதி கார்களை மனதில் வைத்துச் செய்தவை. அதை டொயோட்டா ஹையேஸ் வேனிலோ நிசான் என்வி350-லோ மாட்டினால் கொக்கி ஆடும், அல்லது நீண்ட முனை கண்ணாடியில் இடிக்கும். இரண்டு வாரத்தில் அது சீட்டுக்கு அடியில் போய்விடும். எங்கள் வரிசை வேறு: முதலில் வேனின் அளவு, அடுத்து ஒரு நாளில் எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள் என்பது, அதற்கும் பிறகுதான் பூட்டின் பலம்.

பூட்டு எதைத் தடுக்கும்

ஸ்டியரிங் லாக் திருட்டை முடியாததாக்குவதில்லை. நேரமெடுக்க வைக்கிறது, சத்தம் வர வைக்கிறது, வெளியிலிருந்து பார்க்கிறவன் கண்ணில் படுகிறது. அது போதும். வேன் தேடி வருகிறவன் வரிசையில் நிற்கிற பத்து வண்டிகளில் சுலபமானதைத்தான் எடுப்பான்.

மின்னணுத் திருட்டுக்கும் இது பதில் சொல்கிறது. சாவியின் சிக்னலை எட்ட இருந்து இழுத்து வண்டியை ஏமாற்றுவது, வண்டியின் கணினியோடு இணைகிற ஓபிடி துளையில் கருவி செருகிப் புதுச் சாவி பதிவு செய்வது போன்ற வழிகளில் இன்ஜின் ஓடும், கதவு திறக்கும். ஸ்டியரிங் திரும்பாது. பழைய வேனில் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத கருவி) இருக்கிறதா என்று தெரியவில்லையென்றால், வண்டியை அணைத்துப் பூட்டிய பிறகு மீட்டர் பலகையில் சிவப்பு விளக்கோ பூட்டுப் படமோ மின்னுகிறதா என்று பாருங்கள். எதுவும் மின்னாவிட்டால், சாவியில் சிப் இருக்கிறதா என்று பூட்டுக்காரரிடம் ஒரு முறை காட்டிக் கேளுங்கள். சிப் இல்லாத வேனுக்கு ஸ்டியரிங் லாக் இரட்டிப்பு அவசியம்.

செய்யாததையும் சொல்லிவிட வேண்டும். பின்கதவை உடைத்துச் சாமான் எடுப்பதை இது தடுக்காது. அதற்குப் பின்கதவிலும் பக்கவாட்டுச் சறுக்குக் கதவிலும் தனிப் பூட்டு வேண்டும்.

எங்கே தோற்கிறது

ஸ்டியரிங் வளையத்தின் மேலே தெரிகிற தோலையும் ஃபோமையும் உரித்தால் உள்ளே இருப்பது சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத உலோகக் கம்பி. பல வண்டிகளில் அது மெக்னீசியம் அல்லது அலுமினியக் கலவை, சிலவற்றில் இரும்பு. கடினமாக்கிய எஃகுத் தண்டை அறுக்கத் திருடன் மெனக்கெடுவதில்லை. கொக்கி பிடித்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வளையத்தையே ஹேக்ஸா பிளேடாலோ போல்ட் கட்டராலோ வெட்டி, வெட்டின இடத்தை விரித்து, லாக்கை அப்படியே உருவிவிடுவான். லாக் முழுசாக இருக்கும், வேன் இருக்காது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் எந்த வகை எவ்வளவு தாங்கும் என்பது தானாக விளங்கும்.

ஒற்றைக் கொக்கித் தண்டு வளையத்தை ஓரிடத்தில் பிடிக்கிறது, நீண்ட முனை டேஷ்போர்டில் படிகிறது. மலிவு, வேகம். ஒரே வெட்டில் கழன்றுவிடும்.

இரட்டைக் கொக்கித் தண்டு, நீட்டிச் சுருக்குகிற வகை. 1980களில் அமெரிக்காவில் தி கிளப் என்ற பெயரில் பரவியது இந்த வடிவம்தான். வளையத்தின் உட்பக்கத்திலிருந்து இரண்டு எதிர்ப்புறங்களை வெளிநோக்கித் தள்ளிப் பிடிக்கும். ஒரு பக்கம் வெட்டினால் கழற்ற வழி கிடைக்கும், ஆனால் வளையத்தை நெளிக்க வேண்டும். ஒரு பக்கத்தில் இரட்டைக் கொம்பு உள்ள மாடல்களில் அந்தப் பக்கம் இரண்டு வெட்டு வேண்டும். நாள் முழுக்க நின்று நின்று போகிற வேனுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான்.

வட்டத்தட்டு வகை, டிஸ்க்லாக் போல, வளையம் முழுவதையும் மூடிவிடும். வெட்ட வளையம் வெளியே தெரியாது. பிடித்துத் திருப்பினால் தட்டு மட்டும் சுழலும், ஸ்டியரிங் திரும்பாது. இருப்பதில் பலமானது, சில கிலோ கனம், விலையும் அதிகம். இரவு நிறுத்தத்துக்கு இதற்கு இணை இல்லை. பகலில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதைத் தூக்கி மாட்ட யாருக்கும் கை வராது.

பெடலையும் வளையத்தையும் இணைக்கிற கொக்கி லாக் நான்காவது வகை. ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் ஒன்றாகக் கட்டிவிடுவதால் யோசனை நல்லது. வேனில் பிரச்சினை அளவில் வருகிறது. பிரேக் பெடலை அழுத்தியபடி பூட்டுகிற வகையை வாங்கினால் பின்விளக்கு இரவு முழுவதும் எரியும், காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். பெடல் தன் இயல்பான நிலையிலேயே நிற்க வேண்டும், பூட்டிய பிறகு ஒருவர் பின்னால் போய் விளக்கைப் பார்க்க வேண்டும். மேனுவல் கியர் வேனில் கிளட்ச்சில் மாட்டினால் இந்தத் தொல்லையே இல்லை. லாக்கை இழுத்து முறுக்கிப் பெடலை மேல்நோக்கி இழுக்கவும் கூடாது. பெடலின் மேலே இருக்கிற சுவிட்ச் நகர்ந்தால் பிரேக் விளக்கே தப்பாக எரியத் தொடங்கும்.

அளவெடுக்கும் விதம்

ஒரு தையல் டேப், ஒரு இரும்பு ஸ்கேல், கொஞ்சம் நூல், பழைய அட்டைப்பெட்டி ஒன்று, மறைப்பு நாடா. இவ்வளவு போதும். ஸ்டியரிங் சாய்வை மாற்ற முடிகிற வேனாக இருந்தால், வழக்கமாக ஓட்டுகிற நிலையில் வைத்து அளக்கவும். இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டினால் இரண்டு நிலையிலும்.

வெளிவிட்டத்தை வளையத்தின் வெளி விளிம்பிலிருந்து எதிர் வெளி விளிம்பு வரை எடுங்கள், குறுக்காக ஒரு முறை, நெடுக்காக ஒரு முறை. அடிப்பக்கம் தட்டையான வளையங்களில் இரண்டும் ஒன்றாக இருக்காது. கார்களில் பெரும்பாலும் 36 முதல் 38 செ.மீ., வேன்களில் 38 முதல் 40 செ.மீ. பக்கம் வரும். 14 அடி லாரிகளில் 40-ஐத் தாண்டும். வட்டத்தட்டு லாக்குகள் அளவு வாரியாக விற்கப்படுவதால் அரை செ.மீ. பிசகினாலும் மூடாது, அல்லது மூடிய பிறகு உள்ளே கலகலவென்று ஆடும்.

உள்விட்டம் இரட்டைக் கொக்கிக்கு முக்கியம். தண்டு முழுசாகச் சுருங்கிய நிலையில் உள்ளே நுழைய வேண்டும், நீட்டினால் இரண்டு பக்கமும் இறுகப் பிடிக்க வேண்டும்.

வளையத்தின் தடிமனை ஸ்கேலால் எடுக்க முடியாது. நூலை ஒரு சுற்று சுற்றி நீளத்தை அளந்து 3.14-ஆல் வகுங்கள். சுற்றளவு 10 செ.மீ. என்றால் தடிமன் சுமார் 3.2 செ.மீ. கொக்கி உட்காரப்போகிற இடத்திலேயே எடுக்க வேண்டும், ஏனென்றால் கட்டை விரல் பதிகிற இடத்தில் வளையம் தடித்திருக்கும். தேக்கா பக்கத்து டெலிவரி வேன்கள் பலவற்றில் ஸ்டியரிங் கவர் போட்டிருக்கும். கவரோடு சேர்த்து அளந்து லாக் வாங்காதீர்கள். கவரைக் கத்தியால் கிழித்தால் அந்த இடைவெளி முழுவதும் தளர்வாகிவிடும். கவரைக் கழற்றி அளந்து, கழற்றியபடியே மாட்டுவதுதான் சரி.

அடுத்தது நடுப்பகுதி. ஸ்கேலை வளையத்தின் மேல் குறுக்காகப் படுக்க வைத்து, நடுவில் ஏர்பேக் மூடி ஸ்கேலைத் தொடுகிறதா, எத்தனை செ.மீ. கீழே இருக்கிறது என்று பாருங்கள். மூடி உயரமாக இருந்தால் நேர்த் தண்டு அதை அழுத்தும். அழுத்தினால் ஹாரன் கத்தும், நாள்பட்டால் ஏர்பேக் மூடியில் தழும்பு விழும். அப்படிப்பட்ட வேனுக்கு நடுவில் வளைந்த தண்டோ வட்டத்தட்டோதான் ஏற்றது. எந்த லாக்கும் ஏர்பேக் மூடியின் மேல் பாரம் வைக்கக் கூடாது.

வட்டத்தட்டு வாங்குகிறவர்கள் வளையத்துக்குப் பின்னால் இண்டிகேட்டர், வைப்பர் தண்டுகள் வரை எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் அளக்க வேண்டும். தட்டின் பின்விளிம்பு அந்த இடத்தில்தான் நுழையும். பெடல் கொக்கி லாக் என்றால் வளையத்தின் அடியிலிருந்து பெடல் தண்டு வரை.

இனி, எல்லாரும் விட்டுவிடுகிற அளவு ஒன்று இருக்கிறது: நீண்ட முனை சுழல்கிற இடம். ஹையேஸ், என்வி350 போன்ற வேன்களில் ஓட்டுநர் முன் அச்சுக்கு மேலேயே உட்காருவதால் ஸ்டியரிங் படுத்த மாதிரி சாய்ந்திருக்கும், முன்கண்ணாடி மிக அருகில் வரும். என்வி200-இல் கார் மாதிரியே நிமிர்ந்திருக்கும். காரில் டேஷ்போர்டில் படிகிற அதே தண்டு ஹையேஸில் நேரே கண்ணாடியைக் குறிபார்க்கும். வாங்க நினைக்கிற லாக்கின் முழு நீளத்துக்கு அட்டையில் ஒரு பட்டை வெட்டி, கொக்கி வரும் இடத்தில் வளையத்தோடு நாடா போட்டு ஒட்டுங்கள். கைப்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலிலோ பி-யிலோ வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பட்டை முதலில் எதில் இடிக்கிறது? கதவுச் சட்டம், தூணை மூடிய பிளாஸ்டிக், சீட், டேஷ்போர்டு என்றால் நல்லது. கண்ணாடி என்றால் வேண்டாம், திருடன் முயன்றாலே கண்ணாடி போகும். நம் ஊரில் இன்னொரு கவனம்: முன்கண்ணாடியின் வலது கீழ்மூலையில் ஒட்டியிருக்கிற, சாலைக் கட்டணம் கழிக்கிற பழைய ஐயு கருவியும், அதற்குப் பதிலாக வந்த புது ஓபியு-வின் தொடுதிரையும் அந்த முனைக்கு எட்டக் கூடாது.

இடிப்பதற்கு முன்னால் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியது என்பதையும் பாருங்கள். கால் சுற்றுக்குள் நின்றால் நல்ல பொருத்தம். வேனின் ஸ்டியரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மூன்று சுற்றுக்கு மேல் எடுக்கும். கால் சுற்றில் முன் டயர் கொஞ்சம்தான் நகரும், அதை வைத்துக்கொண்டு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சுழல் பாதையில் இறங்க முடியாது. அரைச் சுற்றுக்கு மேல் திரும்பினால் நீளம் போதவில்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

காக்கி புக்கிட், ஊபி, சின் மிங் பக்கம் கார் உபகரணக் கடைகளில் வாங்குவதில் ஒரு வசதி, வேனை வாசலில் நிறுத்தி மாட்டிப் பார்க்கலாம். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி எடுப்பார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். தண்டிலும் கொக்கியிலும் ஒட்டவேண்டும். ஒட்டாத இடம் பெரும்பாலும் அலுமினியம், வெட்டுவதற்கு வெண்ணெய் மாதிரி. ஒட்டிவிட்டதாலேயே கடினமாக்கிய எஃகு என்று ஆகிவிடாது. கடைக்காரர் ஒத்துக்கொண்டால் மறைவான ஓரிடத்தில் ஒரு அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். கடினமாக்கிய எஃகில் அரம் வழுக்கும், சாதா இரும்பில் பள்ளம் விழும்.

சாவித் துளையை நிதானமாகப் பாருங்கள். வட்டக் குழாய்ச் சாவி போடுகிற மலிவு லாக்குகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை, அவற்றைத் திறக்கும் கருவிகள் எளிதில் கிடைக்கின்றன. பக்கவாட்டில் குழிகள் உள்ள தட்டைச் சாவி, அல்லது உள்ளே வட்டத் தகடுகள் சுழல்கிற வகை மேல். துளைப்பதைத் தடுக்கச் சிலிண்டரின் முன்னால் கடினக் குண்டுகளோ ஊசிகளோ இருக்கின்றனவா என்று அட்டையில் பாருங்கள். இரண்டு சாவியாவது வரவேண்டும், சாவி எண் தனித் தகட்டில் இருக்கவேண்டும்.

பூட்டிய பிறகு இரண்டு கையாலும் பிடித்து உலுக்குங்கள். தண்டில் உள்ள பற்கள் நெருக்கமாக இருந்தால் கடைசி வரை இறுகும். பற்கள் அகலமாக இருந்தால் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆட்டம் மிஞ்சும், அந்த ஆட்டம்தான் நெம்புகோலை நுழைக்கிற வாசல். கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு செ.மீ.க்கு மேல் இடைவெளி என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

தரச் சான்று என்றால் பிரிட்டனின் சோல்ட் செக்யூர் முத்திரைக்கு மதிப்பு கொடுக்கலாம். வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் பிரிக்கிறார்கள். முத்திரையை அட்டையில் பார்த்தவுடன் நம்பிவிடாமல், மாடல் எண்ணை அவர்களுடைய இணையப் பட்டியலில் தேடுங்கள். ஸ்டிக்கர் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

நிறத்தையும் யோசியுங்கள். மஞ்சள், சிவப்பு, பளிச்சென்று தெரிகிற எதுவும் சரி. கறுப்பு நிறத் தண்டு கறுப்பு ஸ்டியரிங்கோடு கலந்துவிடும். நிலப் போக்குவரத்து ஆணைய விதிப்படி முன்கண்ணாடியும் முன்கதவுக் கண்ணாடிகளும் 70 விழுக்காடு ஒளியையாவது உள்ளே விடவேண்டும், அதனால் லாக் வெளியே நன்றாகவே தெரியும். நிழல்மறைப்பு அட்டையை முன்கண்ணாடியில் விரித்துவிட்டால் அதுவும் மறைந்துபோகும். வெயிலுக்கு அட்டை வைப்பவர்கள் பக்கத்துக் கண்ணாடி வழியாக லாக் தெரிகிறதா என்று வெளியே நின்று ஒரு தடவை பார்க்கவேண்டும்.

எத்தனை நிறுத்தம்

காய்கறி, கேட்டரிங், பார்சல் என்று ஒரு நாளில் இருபது முப்பது இடத்தில் நிற்கிற வேனுக்கு, சாவி இல்லாமல் தள்ளினாலே பூட்டிக்கொள்கிற தண்டு வாங்குங்கள். கழற்றுவதற்கு மட்டும் சாவி வேண்டும். பூட்டச் சாவி தேடவேண்டிய லாக்கை நாலாவது நிறுத்தத்தில் யாரும் தொடமாட்டார்கள். முதலாளிகள் இதை ஓட்டுநரின் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இடுப்பொடிய மூட்டை தூக்குகிறவருக்கு ஐந்து வினாடியில் முடிகிற பூட்டு கொடுப்பது வாங்குகிறவர் பொறுப்பு.

இரண்டு நிமிடம் இறக்கிவிட்டு வருகிற இடத்தில்கூட இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, கதவைப் பூட்டுவது குறைந்தபட்சம். நிறுத்திய வண்டியில் இன்ஜினைச் சும்மா ஓடவிடுவது இங்கே எப்படியும் குற்றம். பத்து நிமிடத்துக்கு மேல் கண் மறைவாகப் போவதென்றால் லாக். இரவு நிறுத்தத்துக்கு, கையில் பணம் இருந்தால் வட்டத்தட்டு தனியாக ஒன்று. பகலுக்குத் தண்டு, இரவுக்குத் தட்டு என்று இரண்டு வைத்திருப்பது ஆடம்பரமில்லை.

வாடகை வேன் என்றால் வாங்கும் முன் நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். வளையத்தில் கீறல் விழுந்தால் வண்டியைத் திருப்பும்போது பேச்சு வரும். கொக்கியில் ரப்பர் உறை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் நல்லது.

மாட்டும் முறை

டயரை நேராக வைக்காமல் ஓரக்கல் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். சாவியை எடுத்து, வேனின் சொந்த ஸ்டியரிங் பூட்டு டக்கென்று விழும்வரை லேசாகத் திருப்புங்கள். புஷ் ஸ்டார்ட் வேனில் கதவைத் திறக்கும்போது அது தானாக விழக்கூடும். பிறகு லாக்கின் நிலையான கொக்கியை ஒரு பக்கம் மாட்டி, தண்டை நீட்டி மறுபக்கத்தில் பதித்து, பல் பிடிக்கும் சத்தம் நிற்கும்வரை இழுங்கள். கொக்கி, வளையத்தை நடுவோடு இணைக்கிற ஸ்போக்குக்கு ஒட்டி உட்கார்ந்தால் வளையத்தை வெட்டினாலும் நகர்த்துவது கஷ்டம், நடுவெளியில் உட்கார்ந்தால் சுலபம். நீண்ட முனையை அட்டைப் பட்டையில் பார்த்துவைத்த பக்கம் திருப்புங்கள். கடைசியில் உலுக்கிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

எடுத்த லாக்கை ஓட்டுநர் காலடியில் வைக்கவே கூடாது. திடீரென்று பிரேக் போட்டால் உருண்டு பெடலுக்கு அடியில் போகும், அப்புறம் பிரேக் அழுந்தாது. டேஷ்போர்டின் மேலும் வேண்டாம், மோதலில் அது எறிபொருள். பயணி சீட்டுக்குப் பின்னாலோ அடியிலோ ஒரு பட்டை போட்டுக் கட்டி வையுங்கள். சாலையில் தகராறு வந்தால் லாக்கைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். பூட்டாக வாங்கியது வழக்கில் ஆயுதமாகப் பதிவாகும்.

வெயிலும் ஈரமும்

திறந்தவெளியில் மதியம் நின்ற வேனில் லாக் கையைச் சுடும். மேலே பூசியிருக்கும் வினைல் காலப்போக்கில் இளகிப் பிசுபிசுக்கும், அந்தப் பிசுக்கு வளையத்தின் தோலில் ஒட்டும். துணியுறை உள்ள மாடல், அல்லது கொக்கிக்கு ஒரு பழைய துணி போதும். மீன், காய்கறி ஏற்றுகிற வேன்களில் ஈரம் அதிகம் என்பதால் பற்களில் துரு வேகமாகப் பிடிக்கும். சாவித் துளைக்கு எண்ணெய் விடாதீர்கள், தூசியைப் பிடித்துச் சேறாக்கும். கிராஃபைட் தூளோ உலர்ந்த வகை ஸ்ப்ரேயோ இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. பற்களை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

சாவி திரும்ப மறுத்தால் முறுக்காதீர்கள், உள்ளே ஒடியும். பெரும்பாலும் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்பதுதான் காரணம். ஒரு கையால் லாக்கை வளையத்தோடு சேர்த்து அமுக்கி அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு, மறுகையால் சாவியைத் திருப்புங்கள்.

கடற்பாலம் தாண்டினால்

ஜோகூர் பக்கம் போகிற வண்டிக்கு முதலில் பாலிசியை எடுத்துப் படியுங்கள். மேற்கு மலேசியாவும் தாய்லாந்து எல்லையை ஒட்டிய பகுதியும் பல தனியார் கார் பாலிசிகளில் இருக்கும், வர்த்தக வாகனப் பாலிசி சிங்கப்பூரோடு நின்றுவிடுவதும் உண்டு. எல்லைக்கு வெளியே திருட்டு நடந்தால் நீங்களே ஏற்கவேண்டிய தொகை உயர்ந்திருக்கலாம். திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தவேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், ஸ்டியரிங் லாக் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லாக்கின் ரசீதையும், மாட்டிய நிலையில் எடுத்த ஒரு படத்தையும் கைப்பேசியில் வைத்துக்கொள்வது உதவும். அங்கே வேன் காணாமல்போனால் முதலில் அங்குள்ள காவல் நிலையத்தில் புகார், அதன் நகலோடு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல். இங்கே என்றால் 999.

சாவி தொலைந்தால்

ஒரு சாவி ஓட்டுநரிடம், இன்னொன்று கடையிலோ வீட்டிலோ. இரண்டும் வேன் சாவிக் கொத்திலேயே இருந்தால் ஒன்று தொலையும்போது இரண்டும் தொலையும். மாற்றுச் சாவியை வேனுக்குள் ஒளித்து வைப்பது பூட்டாமல் விடுவதற்குச் சமம். சாவி எண் தகட்டை வீட்டுக் கோப்பில் வையுங்கள். அதைக் கொண்டு தயாரிப்பாளரிடமோ கடையிலோ புதுச் சாவி கேட்கலாம்.

எதுவுமே இல்லாமல் வேன் பூட்டியபடி நிற்கிறது என்றால், நீங்களே கிரைண்டர் எடுத்துக்கொண்டு ஏறாதீர்கள். தீப்பொறியும் சூடும் ஏர்பேக்குக்கு எதிரே, முகத்துக்கு நேராக நடக்கிற வேலை அது. உரிமைப் பத்திரத்தோடு பூட்டுக்காரரை வரச்சொல்லுங்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சில நிமிடம் விட்டபிறகு சிலிண்டரைத் துளைத்து எடுப்பார். வளையத்தை வெட்டுவது கடைசி வழி. வெட்டினால் ஸ்டியரிங் முழுவதையும் மாற்றவேண்டும், அதன் விலை நல்ல லாக் ஒன்றின் விலையைவிடப் பல மடங்கு வரும்.